பெரியம்மா அஞ்சிய காற்று

குருநகரைக் கரையூர் என்றே கடைசிவரை அழைத்துவந்த தலைமுறையைச் சேர்ந்தவர் எங்கள் பெரியம்மா. 1989இல் அவருக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் இருப்பதைக் கண்டறிந்த வைத்தியர்கள், ஆரம்ப நிலைதான், கருப்பையை அகற்றிவிடலாம் என்றார்கள். பெரியம்மா உடன்படவில்லை.

"கத்தி வைச்சால் உள்ளுக்குக் காத்துப்படும் தம்பி. காத்துப்பட்டால் உது உடம்பெல்லாம் பரவிப்போடும்" என்றார். அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவு மாணவனாக இருந்த நான், மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்தேன். இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானார்.

பிற்காலத்தில் பத்திரிகைக்கு மருத்துவச் செய்திகள் எழுத நேர்ந்தபோதுதான், ஏறக்குறைய இதே கேள்வியைச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அறிந்தேன். அவர்களைக் கலக்கியது வெளிக்காற்று அல்ல. தாங்களே வயிற்றினுள் செலுத்திய வாயு.

சாவித்துவாரச் சத்திரசிகிச்சையில் வயிற்றைக் கிழிப்பதில்லை. சில சிறு துளைகளின் வழியே கமராவும் கருவிகளும் உட்செல்லும். அவை இயங்க இடம் வேண்டும் என்பதால், வாயுவை நிரப்பி வயிற்றுச் சுவரை உயர்த்துவார்கள். 1901இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் நடந்த மாநாட்டில், கெலிங் என்ற வைத்தியர் ஒரு நாயின் வயிற்றில் வடிகட்டிய காற்றை நிரப்பி உள்ளே பார்த்துக் காட்டினார். வயிற்றினுள் ஏற்படும் இரத்தப்பெருக்கைக் காற்றழுத்தத்தால் நிறுத்த முடியுமா என்பதே அவருடைய முதல் நோக்கம். 1924இல் சுவிற்சர்லாந்தின் சொலிகோஃபர், காற்றுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டைப் பரிந்துரைத்தார். அது தீப்பற்றாது, இரத்தத்தில் விரைவாகக் கரைந்து மூச்சுடன் வெளியேறிவிடும். இரத்தத்தில் வாயு குமிழியாக நின்றால் என்ன நேரும் என்பதை, அட்டைக்கும் சங்குக்கும் சுழியோடும் எங்கள் ஊரவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

1985இல் ஜேர்மனியில் மூஹே இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். 1990இல் மும்பையில் உட்வாடியா அதனைச் செய்தார். சிறிய காயம், குறைந்த வலி, விரைவில் வீடு திரும்பலாம் என்றானபின், புற்றுநோய்க்கும் இது ஏன் கூடாது என்ற எண்ணம் பிறந்தது இயல்பே.

அங்கேதான் இடறியது. பெருங்குடல் புற்றுநோயை இம்முறையில் அகற்றிய சிலருக்கு, கருவி நுழைந்த அதே துளையில் புதிய கட்டி முளைத்தது. 1994இல் நெதர்லாந்து வைத்தியர்கள் தங்கள் 14 நோயாளரில் மூவருக்கு இவ்வாறு நேர்ந்ததென எழுதினர். வெறும் 14 பேர்தான். ஆனாலும் உலகெங்கும் சத்திரசிகிச்சைக் கூடங்கள் அதிர்ந்தன. கருவியைச் சுற்றிக் கசியும் வாயு, புகைபோக்கியில் எழும் புகைபோலப் புற்றுக் கலங்களை மேலே இழுத்துவருகிறதா? குளிர்ந்த, உலர்ந்த காபனீரொட்சைட்டு வயிற்றின் உட்சவ்வைப் புண்படுத்திக் கலங்கள் ஒட்டிக்கொள்ள இடமளிக்கிறதா? எலிகளில் சோதித்தார்கள். ஈலியம் வாயுவில் கட்டிகள் குறைந்தன என்றார்கள் சிலர். வேறுபாடே இல்லை என்றார்கள் வேறு சிலர்.

எலிகள் தீர்க்காத வழக்கை மனிதர்களை எண்ணித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருங்குடல் புற்றுநோயாளர் 872 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. காயத்தில் நோய் மீண்டது இரு பிரிவிலும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மூன்றாண்டுகளில் நோய் திரும்பியது துளைமுறையில் 16 வீதம், திறந்த முறையில் 18 வீதம். கட்டியைக் கசக்காமல் கையாள்வது, பையிலிட்டு வெளியே எடுப்பது, குழாய்களைக் கழற்றுமுன் வாயுவை வெளியேற்றுவது ஆகியனவும் இதற்குள் வழக்கமாகிவிட்டன. வாயுமீதான குற்றச்சாட்டு தள்ளுபடியானது என்றே பலரும் எண்ணினர். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

2018இல் மற்றொரு ஆய்வு வந்தது. இம்முறை, ஆரம்பநிலைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கொண்ட 631 பெண்கள். நான்கரை ஆண்டுகளின் பின் நோயின்றி வாழ்ந்தவர்கள் திறந்த சத்திரசிகிச்சையில் 96.5 வீதம், துளைமுறையில் 86 வீதம். துளைமுறையே வெல்லும் அல்லது சமமாக நிற்கும் என்று நம்பியிருந்தவர்கள் திகைத்தனர். பெருங்குடலில் பிழையற்றதாகத் தெரிந்தது, கருப்பைக் கழுத்தில் உயிர்களைப் பறித்திருந்தது.

காரணம் இன்னும் முற்றாகத் துலங்கவில்லை. சுழலும் வாயுவையும் சந்தேகிக்கிறார்கள். கருப்பையைப் பற்றி நகர்த்தச் செருகும் கருவியையும் சந்தேகிக்கிறார்கள். 2020இல் வந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், அக்கருவியைத் தவிர்த்தவர்களுக்கும், கட்டி வயிற்றினுள் திறந்து நிற்காதபடி யோனியை முதலில் மூடித் தைத்தவர்களுக்கும் விளைவு திறந்த முறைக்கு ஒத்திருந்தது. ஆயினும் அது பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு. குலுக்கல் ஆய்வின் பலம் அதற்கில்லை. ஆகவே இந்தச் சத்திரசிகிச்சைக்குச் செல்லும் பெண்ணும் அவர் குடும்பத்தாரும், துளையா, திறந்த முறையா, ஏன் என்று வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்கவேண்டும். காயம் சிறிதென்பது அதற்கு விடையாகாது.

1989இல் பெரியம்மாவுக்குச் சொல்லப்பட்டது துளைமுறை அல்ல. இந்த நோய்க்கு அப்போது அம்முறை பரவலான வழக்கில் இருக்கவில்லை. வயிற்றைத் திறந்து செய்யும் பழைய சத்திரசிகிச்சையைத்தான் வைத்தியர்கள் சொன்னார்கள். 2018ஆம் ஆண்டின் ஆய்வில் 96.5 என்ற எண்ணுக்கு நேரே நிற்பது அதுவே. அன்று நான் சிரிக்காமல், அவர் அருகே அமர்ந்து, எந்தக் காற்று, எங்கே படும் என்று கேட்டிருக்கலாம்.