பெங்களூரில் பார்க்க வேண்டிய மூன்று சின்னக் கோயில்கள்

பேரிகைக்காரர்கள் பெங்களூர் போக தனியாக ஒரு காரணம் தேவையில்லை. வேலை, ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி எல்லாத்துக்கும் அங்கதான். சுற்றிப் பார்க்கணும்னா லால்பாக், திப்பு அரண்மனை, விதான சௌதா. அரண்மனை 1791-ல் கட்டி முடிந்தது, விதான சௌதா 1956-ல். கெம்பே கௌடா கோட்டை கட்டியதே 1537-லதான். ஆனா ஊரின் பெயர் அதைவிட ரொம்பப் பழசு. அதைத் தேடுறவங்களுக்கு நான் சொல்வது மூன்று சின்னக் கோயில்கள்.

முதலில் பேகூர் நாகேஸ்வரர் கோயில். கி.பி. 890 வாக்கில் வெட்டிய கன்னடக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கு. பெங்களூருப் போரில் ஒரு வீரன் இறந்ததைச் சொல்லுது. ஒரு கிழவி வேகவைத்த அவரை கொடுத்ததால் வீர பல்லாளன் இந்தப் பெயரை வைத்தான்னு ஒரு கதை சொல்வாங்க இல்லையா, கல்வெட்டு அந்த ராஜாவுக்கே சுமார் முந்நூறு வருஷம் மூத்தது.

அடுத்தது மடிவாளா சோமேஸ்வரர் கோயில். இங்கே 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. வெங்களூர் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைத் தானம் கொடுத்த செய்தி.

மூன்றாவது டொம்லூர் சொக்கநாதர் கோயில். பெயரைக் கேட்டு சிவன்னு நினைச்சுடாதீங்க, உள்ளே இருப்பவர் பெருமாள். 1270-ல் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால் கொடுத்ததைத் தமிழில் வெட்டியிருக்காங்க.

பெங்களூரில் தமிழ் எப்படி வந்தது? 11-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சோழர்கள் இந்தப் பகுதியைப் பிடித்தார்கள். பிறகு போசளர். 1254-ல் போசள ராஜ்ஜியம் சோமேஸ்வரனின் இரண்டு மகன்களுக்குப் பிரிந்தது. நரசிம்மனுக்கு ஹளேபீடு, இராமநாதனுக்குத் திருச்சி பக்கத்துக் கண்ணனூர். கண்ணனூரைப் பாண்டியர் பிடித்ததும் இராமநாதன் குந்தாணிக்கு வந்துவிட்டான். குந்தாணி எங்கேன்னா, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சின்னக்கொத்தூர்! டொம்லூர்க் கோயிலில் 1290 வாக்கில் அவன் கொடுத்த தானத்துக்கும் கல்வெட்டு இருக்கு. இன்னைக்கு நாம வேலைக்காக பெங்களூர் போறோம். அன்னைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு உத்தரவு நம்ம மாவட்டத்திலிருந்து போயிருக்கு.

இதை வைத்து பெங்களூர் யாருடையதுன்னு சண்டை போடுறவங்க இரண்டு பக்கமும் இருக்காங்க. பேகூரில் கன்னடம், மடிவாளாவில் தமிழ், இரண்டும் ஒரே ஊரின் பெயரைத்தான் சொல்லுது. அந்தக் காலத்தில் அத்திப்பள்ளி செக்போஸ்ட் கிடையாது. ஏரிக்குத் தண்ணியும் கோயிலுக்கு விளக்கும் வேணும், அதை எந்த மொழியில் எழுதினாலும் சரின்னு இருந்திருக்காங்க.

எனக்குக் கவலை வேறு. பி. எல். ரைஸ் 1905-ல் பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளைப் படித்துப் புத்தகமாகப் போட்டார். அவற்றில் பல கற்கள் இன்று இல்லை. வீடும் ரோடும் விழுங்கிவிட்டன. மிச்சத்தை இப்பவே பார்த்துடுங்க. சாமி கும்பிட்டுவிட்டு வெளிச்சுவரை ஒரு சுற்று நிதானமாகச் சுற்றி வாங்க. எழுத்து தெளிவாத் தெரியணும்னு மாவோ சாக்பீஸோ மட்டும் தேய்க்காதீங்க.