திரியும் பஞ்சும்: மின் சிகரெட்டின் உள்ளே ஒரு வரலாறு

புகைப்பழக்கத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் புகையிலையின் வரலாறாகவே படித்துவருகிறோம். அந்தச் சிறு குழலுக்குள் புகையிலையோடும், பின்னாளில் புகையிலை இல்லாமலும் அடைக்கப்பட்ட பஞ்சு, இழை, திரி ஆகியவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றை யார், எந்த அளவுகோலைக் கொண்டு தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது.

1952ஆம் ஆண்டில் தொடங்குவோம். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் வெளிவந்து, மக்கள் அச்சம் கொள்ளத் தொடங்கியிருந்த காலம். அமெரிக்காவின் லோரிலார்ட் நிறுவனம் கென்ட் என்னும் சிகரெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் 'மைக்ரோனைட்' வடிகட்டி உடல்நலத்துக்குக் காப்பாகும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. அவ்வடிகட்டியில் கலந்திருந்த இழைகளுள் ஒன்று குரோசிடோலைட் எனப்படும் நீலக் கல்நார். புகையின் நுண்துகள்களைத் தடுத்து நிறுத்த மிக மெல்லிய இழை வேண்டும்; கல்நாரோ மிக மெல்லியதாகப் பிரியக்கூடியது. நுரையீரலுக்குள் சென்று தங்கிவிடவும் அதே மென்மைதான் அதற்கு உதவியது. 1956இல் கல்நார் கைவிடப்பட்டது. அந்த வடிகட்டிப் பொருளைத் தயாரித்த மாசசூசெட்ஸ் ஆலையில் 1953இல் பணிபுரிந்த 33 பேரைப் பற்றிய ஆய்வு, 1989இல்தான் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதற்குள் அவர்களில் 28 பேர் இறந்துவிட்டிருந்தனர். அத்தகையதொரு குழுவில் எதிர்பார்க்கத்தக்க இறப்புகளோ எட்டைச் சற்றே தாண்டும் அளவுதான்.

இனி மின் சிகரெட்டுக்கு வருவோம். சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் உருவாக்கிய கருவி, அடுத்த ஆண்டு சீனச் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மேலைநாடுகளுக்குப் பரவிய தொடக்ககால மாதிரிகளில் மூன்று உறுப்புகள் இருந்தன: மின்கலம், ஆவியாக்கி, கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு குப்பி. குப்பிக்குள் பாலியெஸ்டர் பஞ்சு; அதில் ஊறியிருப்பது நிகோடின் கலந்த திரவம். பஞ்சு ஆவியாக்கியின் உலோக வலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். திரவம் வலைக்குக் கசிந்து, சூடான கம்பிச்சுருளை அடைந்து ஆவியாகும்.

இந்தப் பஞ்சிடம் எதிர்பார்க்கப்பட்டவை ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். திரவம் வாய்க்குள் ஒழுகாதபடி பிடித்துவைக்க வேண்டும். கம்பி கேட்கும்போது தாமதமின்றிக் கொடுக்கவும் வேண்டும். நுண்புழை விசையின் விதி எளியது. துளை எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவு இறுக்கமாக அது திரவத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே நிரப்பும் பஞ்சின் துளைகள் பெரியனவாகவும், திரியின் துளைகள் அதனினும் நுண்ணியனவாகவும் இருந்தால்தான் திரவம் பஞ்சைவிட்டுத் திரிக்குச் செல்லும். திணிக்கப்பட்ட பாலியெஸ்டர் பஞ்சோ கடைசித் துளிகளை விடாமல் பிடித்துக்கொண்டது. குப்பியில் திரவம் மீதியிருக்க, கம்பி காய்ந்தது. வாயில் கருகல் சுவை தட்டியது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த பயனாளர்கள் தாங்களே மாற்றுவழி தேடத் தொடங்கினர். தேயிலைப் பையைப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டு, அந்த மெல்லிய தாளைச் சுருட்டிக் குப்பிக்குள் செருகினர். மீன்தொட்டி வடிகட்டிகளுக்கான நீல நிறப் பஞ்சை வெட்டி வைத்தனர். இரண்டுமே மூலப் பஞ்சைவிடத் தாராளமாகத் திரவத்தை விட்டுக்கொடுத்தன. தேயிலைப் பைத்தாள் பெரும்பாலும் வாழையினத்தைச் சேர்ந்த அபாக்கா நாரிலிருந்து செய்யப்படுவது; சூட்டால் ஒட்டப்படும் வகைகளில் பாலிபுரொப்பிலீன் இழையும் கலந்திருக்கும். பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். பாலியெஸ்டர் சுமார் 260இல் உருகும். திரவத்தின் கூறுகளான புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், சூடான கம்பிக்கு அருகில் எதை வைக்கக் கூடாது என்பது விளங்கும். ஆனால் அன்று தேர்வு நடந்தது நாவின் சுவையையும் கையிலிருந்த பொருளையும் கொண்டே.

அடுத்து வந்த தொட்டி வகைக் கருவிகளில் நிரப்புப் பஞ்சுக்கு வேலையில்லை. திரி மட்டுமே எஞ்சியது. முதலில் சிலிக்கா கயிறு. அது மிக உயர்ந்த வெப்பத்தையும் தாங்கும், கருகாது. எனினும் அதன் இழைகள் நொறுங்கி மூச்சோடு உள்ளே செல்லுமோ என்ற ஐயம் பயனாளர்களிடையே எழுந்தது. பின்னர் பருத்தி வந்தது. விரைந்து உறிஞ்சும், சுவை கெடாது. ஆனால் காய்ந்தால் கருகும். அதன்பின் நுண்துளைப் பீங்கானும் சேர்ந்துகொண்டது.

இங்கே விளக்குத் திரியின் வரலாற்றை ஒப்புநோக்குவது தகும். 1825இல் பிரான்சின் கம்பாசெரே பின்னல் திரியை அறிமுகப்படுத்தினார். எரிய எரிய அதன் முனை வளைந்து, சுடருக்குள் சென்று தானே சாம்பலாகும்; அடிக்கடி திரியைக் கத்தரிக்கும் வேலை ஒழிந்தது. மெழுகுவத்தியில் திரி எரிவது ஒரு நற்பண்பு. மின் சிகரெட்டிலோ திரி எரிந்தால் அந்தப் புகை நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. திரி காய்ந்து வெப்பம் மிகும்போது கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுக்களாகவும் மாறுகின்றன.

குப்பிக்குள் இருப்பதைப் பிரித்துப் பார்த்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆய்வாளர்கள், பஞ்சும் ஆவியாக்கியும் ஒன்றாய் இணைந்த ஒருவகைக் குப்பிகளை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். பஞ்சிழைகளில், விற்பனைக்கு வருமுன்பே ஏற்பட்டிருந்த கருகல் தடங்கள் இருந்தன. இழைகளிலிருந்து வெள்ளீயத் துகள்கள் பிரிந்தன; கம்பிகளை இணைத்த பற்றாசு வெள்ளீயமே. ஆவியில் வெள்ளீயம், வெள்ளி, இரும்பு, நிக்கல், அலுமினியம், சிலிக்கேட் ஆகியவற்றின் துகள்கள் காணப்பட்டன. பயனாளர்கள் பஞ்சின் சுவையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பஞ்சில் படிந்திருந்தது இதுதான்.

உண்ணவும் பூசவும் தீங்கற்ற பொருள் சுவாசிக்கவும் தீங்கற்றது என்ற எண்ணமே இவ்வரலாறு முழுவதும் ஊடாடுகிறது. தேநீரில் முக்கிய தாள், மீன் வாழும் நீரை வடிகட்டிய பஞ்சு, முகம் துடைக்கும் பருத்தி என ஒவ்வொன்றுக்கும் வேறோர் இடத்தில் பெற்ற நற்சான்று இருந்தது. 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர். அதற்கு முதன்மையான காரணமெனக் கண்டறியப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டும் தோலில் பூசும் களிம்புகளில் வழங்கிவருவதே. அது பஞ்சிலன்றித் திரவத்தில், அதுவும் பெரும்பாலும் கஞ்சாச் சாறு அடைத்த குப்பிகளில், கலந்திருந்தது என்றாலும் பிழையின் தன்மை ஒன்றே.

இந்தியா 2019இல் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் சட்டத்தால் தடைசெய்தது. வேறு பல நாடுகளில் அது இன்றும் விற்கப்படுகிறது. கென்ட் வடிகட்டி கடைக்கு வந்ததிலிருந்து அதைச் செய்த தொழிலாளர்களின் இறப்புக் கணக்கு அச்சேறும்வரை 37 ஆண்டுகள் கழிந்தன. 2003உடன் அந்த 37ஐக் கூட்டினால் 2040 வரும். திரிகளையும் பஞ்சையும் பற்றிய முழுக் கணக்கை எழுத அவ்வளவு காலம் காத்திருக்கத்தான் வேண்டுமா என்பதை நாம் இப்போதே கேட்டுக்கொள்ளலாம்.