ஆள் அவர்தானா?

2017 டிசம்பரில் 'மாயவன்' என்று ஒரு படம் வந்தது. பெரிய நட்சத்திரப் பட்டாளம் இல்லாததால் நம் வயதுக்காரர்கள் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். தயாரிப்பாளர் சி.வி. குமார் இயக்கிய படம். கொலைகாரன் செத்துப்போகிறான், ஆனால் கொலைகள் நிற்கவில்லை. விசாரிக்கும் போலீஸ் அதிகாரி குழம்பிப்போகிறார். கடைசியில் பார்த்தால், ஒரு மனிதனின் நினைவுகளை மொத்தமாக எடுத்து இன்னொருவன் மூளையில் ஏற்றும் வித்தையை விஞ்ஞானி ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். உடம்புதான் மாறுகிறது, உள்ளே இருக்கும் ஆள் ஒருவரே.

இதை வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் பேசக் கேட்டேன். அவர்களுக்குத் திருமூலர் கதை மறந்துவிட்டது போலும். கூடு விட்டுக் கூடு பாய்வது நமக்குப் புதிதா என்ன?

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன கதைதான். கயிலையிலிருந்து அகத்தியரைப் பார்க்கப் புறப்பட்ட யோகி ஒருவர் திருவாவடுதுறைப் பக்கம் வருகிறார். சாத்தனூரைச் சேர்ந்த மூலன் என்ற இடையன் காட்டில் இறந்து கிடக்கிறான். அவனைச் சுற்றி மாடுகள் கதறுகின்றன. அவற்றின் துயரம் பொறுக்காமல், யோகி தன் உடலை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மூலன் உடலுக்குள் புகுகிறார். சாயங்காலம் மாடுகள் தாமாக வீட்டுக்குத் திரும்புகின்றன, இவர் பின்னால் போகிறார். வீடு எங்கே என்று மாட்டுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. சேக்கிழார் இந்த இடத்தில் எவ்வளவு நுட்பமாக இருக்கிறார் பாருங்கள்.

மூலன் மனைவி காத்திருக்கிறாள். நெருங்கி வருகிறவளை, "உனக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று விலக்கிவிடுகிறார். மறுநாள் அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருப்பவர், இனி உன்னோடு வாழ மாட்டார் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

முப்பத்தைந்து வருடம் கோப்பு புரட்டிய எனக்கு இந்த விசாரணைதான் கதையின் உச்சக்கட்டம். நம் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் அங்க அடையாளம் இரண்டு எழுதுவோமே, வலது முழங்கையில் மச்சம், நெற்றியில் தழும்பு என்று. அதை வைத்துப் பார்த்தால் அவர் மூலனேதான். மனைவி பக்கம் எல்லா அத்தாட்சியும் இருந்தது. ஆனால் சாத்தனூர்ப் பெரியவர்கள் மச்சத்தைப் பார்க்கவில்லை, மனத்தைப் பார்த்தார்கள். எந்தத் தாலுகா ஆபீசும் அப்படி ஒரு குறிப்பு எழுதாது. அந்தப் பெண்ணின் கதி என்ன ஆயிற்று என்று புராணம் அதற்குமேல் கவலைப்படவில்லை. எனக்கு அது உறுத்தல்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால் எனக்கு இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு கதை உண்டு. அது புராணமல்ல, நடந்தது.

1918 பிப்ரவரி 1. முதல் உலகப் போர் இன்னும் முடியவில்லை. ஜெர்மனியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிரெஞ்சுக் கைதிகள் லியோன் நகரத்து ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவருக்குத் தான் யார் என்றே தெரியவில்லை. கையில் காகிதம் எதுவும் கிடையாது. பெயரைக் கேட்டதும் ஏதோ முணுமுணுத்தார். எழுதுகிறவர் காதில் அது 'ஆந்தெல்ம் மான்ழன்' என்று விழுந்தது. அதுவே அவர் பெயராகிவிட்டது. (பெயர் எழுதும் குமாஸ்தாவுக்கு எவ்வளவு அதிகாரம் பாருங்கள்! நம் ஊரிலும் ரேஷன் கார்டில் 'முனியம்மா'வை 'முனியப்பா' ஆக்கியவர்கள் உண்டு.)

ரோதேஸ் நகர மனநலக் காப்பகத்தில் அவரைச் சேர்த்தார்கள். 1920-ல் ஒரு பாரிஸ் பத்திரிகை அவர் படத்தைப் போட்டது. 1922-ல் பென்ஷன் அமைச்சகம் ஊர் ஊராக நகராட்சி அலுவலகங்களில் சுவரொட்டியே ஒட்டியது. அந்தப் போரில் பிணம்கூடக் கிடைக்காமல் காணாமல் போனவர்கள் லட்சக்கணக்கில். எத்தனை வீடுகளில் இலை போட்டுக் காத்திருந்திருப்பார்கள்! "என் மகன்", "என் கணவர்" என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் எழுதின. அவர்களில் யாரும் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆசை கண்ணை மறைக்கும்.

கடைசியில் இரண்டு தரப்பு மிஞ்சியது. லூசி லெமே என்ற பெண், அவர் என் கணவர் என்றார். சேன்-மோர் என்ற கிராமத்து மொன்ழுவன் குடும்பம், எங்கள் ஒக்தாவ் என்றது. 1930-களில் அவரை அந்தக் கிராமத்து ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய், வழி சொல்லாமல் நடக்கவிட்டார்கள். மனிதர் நேராகத் தகப்பனார் வீட்டுக்கு நடந்து போனார். மாதா கோவில் கோபுரம் முன்பு இருந்ததுபோல இல்லையே என்று நின்று பார்த்தார். அது இடி விழுந்து மாறியிருந்தது. ஆனால் தகப்பனார் முகம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

1937-ல் ரோதேஸ் நீதிமன்றம் இவர் ஒக்தாவ் மொன்ழுவன்தான் என்று சொல்லியது. அப்பீல் முடிவதற்குள் தகப்பனாரும் சகோதரரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப்போக ஆளில்லை. 1942-ல் பாரிஸ் மனநல மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அதே 1937-ல்தான் ழான் அனுய் எழுதிய நாடகம் மேடையேறியது. தலைப்பைத் தமிழில் 'மூட்டை முடிச்சில்லாத பயணி' என்று சொல்லலாம். நினைவிழந்த அந்தச் சிப்பாய் தன் பழைய குடும்பத்தைக் கண்டுபிடிக்கிறான். தான் எவ்வளவு கொடியவனாக இருந்தோம் என்றும் தெரிந்துகொள்கிறான். உடனே அந்தப் பழைய ஆள் நான் இல்லை என்று மறுத்துவிடுகிறான்.

முகம் மறந்து வழி மறக்காதது எப்படி? அதற்குப் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1953-ல் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்து, ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பின் 2008-ல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் கண்ணாடியில் பார்த்துக் கோடு வரையும் பயிற்சி கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேறியது. நேற்றும் இதைச் செய்தோம் என்பது மட்டும் தெரியாது. கையின் நினைவு வேறு, பெயர் முகங்களின் நினைவு வேறு.

நம் சினிமாவுக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1956-ல் 'அமரதீபம்' படத்தில் அடிபட்டு நினைவிழந்த சிவாஜி நாடோடிக் கூட்டத்தில் பத்மினியோடு வாழ்வார், பிறகு அடிபட்டதும் சாவித்திரி நினைவுக்கு வந்துவிடுவார். அந்தக் காலத்தில் எதற்கும் இரண்டாவது அடிதான் வைத்தியம். 1982-ல் 'மூன்றாம் பிறை'. அதைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2005-ல் வந்த 'கஜினி'யின் பதினைந்து நிமிட ஞாபகமும் உடம்பெல்லாம் பச்சையும் 2000-ல் வெளிவந்த 'மெமென்டோ' படத்தின் வழி வந்தவை. எனக்குப் பிடித்தது 2012-ல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு உண்மையில் நடந்ததை வைத்து எடுத்தது. கிரிக்கெட்டில் தலை அடிபட்டு, தனக்குக் கல்யாணம் என்பதையே மறந்துபோன மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டே பார்த்தாலும் உள்ளூர பயம் வரும்.

அந்தப் பயம் இப்போது நம் வயதில் பக்கத்து வீட்டில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். இன்று மகளை "யாரும்மா நீ?" என்று கேட்கிறார். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குக் கதவு திறந்திருந்தால் போதும், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆலை வாசல்வரை நடந்துவிடுவார். ஒரு திருப்பத்தில்கூடத் தப்பு செய்யமாட்டார். சேன்-மோர் கிராமத்துக்கும் சிப்காட் சாலைக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

போன வருடம் அவருடைய பி.எஃப். பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. மகளோடு நானும் இ-சேவை மையத்துக்குப் போனேன். பத்து விரலும் மாற்றி மாற்றி வைத்தும் மெஷின் எடுக்கவில்லை. காய்ச்சிய கம்பியைப் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. அங்கிருந்த பையன் பொறுமைசாலி. கருவிழி பார்க்கும் கருவியை எடுத்து வைத்தான். இரண்டாவது முறையில் பச்சை விளக்கு எரிந்தது.

ரசீது எழுதும்போது பையன் சும்மா பேச்சுக்கு, "தாத்தா, உங்க பேரு என்ன?" என்று கேட்டான். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தயங்காமல் நாலு இலக்க எண் ஒன்றைச் சொன்னார். மகள்தான் விளக்கினாள், அது அப்பாவின் ஆலை டோக்கன் நம்பராம்.