துணிக்குள் விரலும் லீசிங் தவணையும்



போன மாதம் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருக்குத் துணையாக வவுனியாவில் ஒரு வாகன விற்பனை நிலையத்துக்குப் போனோம். புதுக் கார் ஒன்றின் விலையைக் கேட்டோம். அங்கு நின்ற தம்பி விலையைச் சொல்லவில்லை. "சேர், மாதம் எவ்வளவு கட்டுவீங்கள்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். வீடு வரும்வரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தோம்.

விலை பேசுவது எங்கள் மாகாணத்துக்குப் புதிதல்ல. மன்னார் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வியாபாரிகள் கைகளைத் துணியால் மூடி, விரலைத் தொட்டே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் விளங்காது. 1906இல் எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் அந்த முத்துக்குளிப்பில் அரச அதிகாரியாகக் கடமை செய்தவர். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளிலும் துண்டுக்குள் விரல் பிடிக்கும் வழக்கம் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே பாடம்தான்: மற்றவர் என்ன விலை கொடுத்தார் என்று தெரிந்தவன் வெல்வான், தெரியாதவன் கொடுப்பான்.

இதனால்தான் எங்கள் மார்க்கச் சட்ட நூல்கள் விற்பனையை வகை பிரித்தன. வாங்கிய விலையைச் சொல்லாமல் பேரம் பேசி விற்பது முசாவமா. வாங்கிய விலையையும் தன் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்பது முராபஹா. அமெரிக்காவில் 1958இல் புதுக் கார் ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதன் நோக்கமும் விலையை வெளியே கொண்டுவருவதுதான்.

வன்னியில் ஒரு காலம் பேரத்துக்கே இடமிருக்கவில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் கடை, லொறி, சைக்கிள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேற்றப்பட்டோம். நாங்கள் புத்தளம் முகாம்களில் இருந்தபோது, இங்கே மிஞ்சியவர்கள் மொறிஸ் மைனரையும் ஏ40 ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். கிடைப்பதுதான் விலை. "வேறு கடையில் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்ல வேறு கடை இல்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. புது மோட்டார் சைக்கிள்கள் வன்னிக்குள் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. 2009இல் சனம் தங்கள் வாகனங்களை முள்ளிவாய்க்கால் வழியெங்கும் விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வெளியே வந்தது. அதன் பிறகு முதலில் வந்தவர்களுள் லீசிங் கம்பனிக்காரரும் அடங்குவர். கையில் காசில்லாத சனத்துக்கு உழவு இயந்திரமும் ஓட்டோவும் தவணையில் கிடைத்தன. பலர் அதனால் எழும்பினார்கள். தவணை தவறி வாகனத்தைப் பறிகொடுத்த குடும்பங்களையும் எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் அறிவோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய கார் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டது. 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் தடை நீங்கியது. ஆனால் சுங்க வரி, எஞ்சின் அளவுக்கேற்ற உற்பத்தி வரி, 18% வற் எல்லாம் விலைக்குள் இருக்கின்றன. வரிப் பங்கில் விற்பவர் எதையும் குறைக்க முடியாது. ஆகவே பேரம் காரின் விலையை விட்டுத் தவணைக்கு நகர்ந்துவிட்டது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 40 இலட்சம் கடன், ஆண்டுக்கு 18% வட்டி என்று வையுங்கள். 48 மாதமென்றால் தவணை 1,17,500 ரூபா. 60 மாதமென்றால் ஏறக்குறைய 1,01,600 ரூபா. "மாதம் 16,000 குறைச்சுத் தாறம் சேர்" என்பார்கள். மொத்தத்தில் நாம் கட்டுவது சுமார் 4½ இலட்சம் கூடுகிறது! இதுவும் துணிக்குள் விரல் பிடிப்பதுதான். வித்தியாசம், இப்போது துணிக்கு வெளியே நிற்பவர் வாங்குகிறவர்.

ஆகவே உறவுகளே, முதலில் முழு விலையை எழுத்தில் கேளுங்கள். பிறகு எல்லாத் தவணையையும் கூட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். பழைய வாகனத்தை மாற்றுவதென்றால் அதன் விலையைத் தனியாகப் பேசுங்கள். இன்னும் ஒரு கடையிலாவது விசாரியுங்கள். வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு, 2005 வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின் நாட்டில் முராபஹா போன்ற வழிகளும் உண்டு. அங்கேயும் கூட்டிப் பார்த்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

எங்கள் நண்பர் அன்று கையெழுத்து வைக்கவில்லை. கணக்குக் கொப்பியோடு அடுத்த கிழமை போவதாக இருக்கிறோம். "வேறு கடையில் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லும் உரிமை எங்களுக்குக் கனகாலம் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது. அதைப் பாவிப்போம்.