நூல் நெக்லஸும் நரசாபூர் விரல்களும்

கைவினைக் கண்காட்சிகளில் தங்கமும் இல்லாத, கல்லும் இல்லாத நெக்லஸ்களைப் பார்த்திருப்பீர்கள். குரோஷே ஊசியால் பின்னிய பூக்கள், துணி சுற்றிய மரமணிகள், மிச்சம் விழுந்த கைத்தறித் துண்டுகள், இவற்றைக் கோக்க ஒரு சங்கிலிப் பின்னல். கழுத்தில் நூல் கட்டுவது நமக்கொன்றும் புதிதல்ல, தாலிச் சரடே நூல்தானே! ஆனாலும் "வெறும் நூலுக்கா இவ்வளவு விலை?" என்று பேரம் பேசாதவர்கள் குறைவு. நான் வேலை பார்க்கும் ஹைதராபாத்திலும் இதே கதைதான். இத்தனைக்கும் அந்தக் கேள்விக்கான பதில் இதே தெலுங்கு மண்ணில், கோதாவரிக் கரையில் இருக்கிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். குரோஷே என்றால் பிரெஞ்சில் சின்னக் கொக்கி. ஒரு கொக்கி, ஒரு நூல், அவ்வளவுதான் கருவி. ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் மொத்தமும் ஊசியில் நிற்கும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில். அதனால் எந்தப் பக்கமும் திரும்பலாம், வட்டம் போடலாம், எந்த ஓட்டையிலும் கொக்கியை நுழைக்கலாம். இந்தச் சுதந்திரம்தான் இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. கையால் போடும் குரோஷேயை அப்படியே போடும் மெஷின் தொழிற்சாலைகளுக்கு இன்னும் வந்தபாடில்லை. கடையில் அந்தப் பெயரில் விற்கும் மெஷின் சரக்கு, பார்க்க ஒத்திருக்கும் வேறொரு பின்னல். ஆக, உண்மையான குரோஷே பூ ஒன்று உங்கள் கையில் இருந்தால் அது யாரோ ஒருவரின் விரல் வழியாகத்தான் வந்திருக்கிறது.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது பிழைக்க வழி தேடிய பெண்களுக்குக் கன்னியர் மடங்கள் குரோஷே கற்றுக்கொடுத்தன. ரோஜா, இலை என்று தனித்தனியாகப் பின்னி, பிறகு வலைப் பின்னலால் இணைப்பது அவர்கள் முறை. இன்றைய நூல் நெக்லஸின் இலக்கணமும் இதுதான்.

இந்தியாவுக்கு லேஸ் மிஷனரிகளோடு வந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820-களில் தொடங்கியது நினைவுக்கு வரலாம். அது திண்டில் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளால் பின்னுவது, வேறு வகை. குரோஷே வேரூன்றிய இடம் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபூர். 19-ஆம் நூற்றாண்டில் ஏழைக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை, பின்னர் வியாபாரிகள் கைக்குப் போய், காப்பு சாதி வீடுகளுக்கும் பரவியது. நரசாபூர் லேஸ் கடல் தாண்டி ஏற்றுமதியானது.

வியாபாரிகள் செய்த முக்கியமான காரியம், வேலையைத் துண்டு போட்டது. பூ பின்னுவது ஒரு வீட்டில், இணைப்பது இன்னொரு வீட்டில். இணைக்கும் வேலைக்குத் தெலுங்கில் 'அதுகு பனி' என்றே தனிப்பெயர். தனித்தனிப் பூக்களாகச் செய்ய முடியும் என்ற அழகே பின்னியவளுக்கு வினையானது. மேஜை விரிப்பாக முழுசாகும்போது அது யாருக்கு, என்ன விலைக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியாது.

1970-களின் பிற்பகுதியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982-ல் 'நரசாபூரின் லேஸ் தயாரிப்பாளர்கள்' பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலை போக, பெண்கள் தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். ஆனால் வியாபாரிகள் பார்வையில் அவர்கள் தொழிலாளிகள் அல்ல. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகள்! தொழிலாளி இல்லையென்றால் குறைந்தபட்சக் கூலி ஏது? வயலில் இறங்காமல் வீட்டுக்குள் இருப்பதைக் காப்புப் பெண்கள் கௌரவமாக நினைத்தார்கள். அவர்கள் தாழ்வாகப் பார்த்த தலித் பெண்களோ வயலில் அதைவிட அதிகக் கூலி வாங்கினார்கள். கௌரவத்தின் விலை அது.

2024-ல் நரசாபூர் குரோஷே லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். மெஷின் சரக்கை அந்தப் பெயரில் விற்கவிடாமல் தடுக்க உதவும். ஆனால் ஊரின் பெயரைக் காப்பாற்றும் குறியீடு, பூவுக்கு என்ன கூலி என்று சொல்லாது.

நூல் நெக்லஸ் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மேஜை விரிப்புக்கு மாதக்கணக்கும் பல கைகளும் வேண்டும். நெக்லஸுக்குக் கொஞ்சம் நூல், நாலு துணித்துண்டு, ஒரு கொக்கி போதும். பூ பின்னுபவரே இணைக்கலாம், இணைத்தவரே விலை சொல்லலாம். துண்டு போட்ட வேலை ஒரே கைக்குத் திரும்பி வரும் அளவுக்குச் சின்னப் பொருள் இது.

அடுத்த முறை ஒன்றை வாங்கும்போது நூலின் எடையைப் பார்க்காதீர்கள். "நீங்களே பின்னியதா? எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பேரம் அதற்குப் பிறகு.