கவட்டைக் குச்சியும் கண்ணறிவும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். அங்கு நிலத்தடி நீர் எங்கும் பரந்து கிடப்பதில்லை. சிதைந்த பாறையிலும் அதன் வெடிப்புகளிலுமே தங்கும். எனவே, கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்தல் உழவர் வழக்கமாயிற்று.

அவர் இரு கிளையும் ஒத்த பருமனுள்ள பச்சை வேப்பங்கவட்டை ஒடித்து இலை நீக்குவார். உள்ளங்கை மேல்நோக்கக் கிளைகளைச் சற்றே விரித்துப் பிடித்து, அடிமுனை முன்னே நீள மெல்ல நடப்பார். முனை அசையும் இடத்தில் அடையாளக் கல் வைக்கப்படும்.

வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்கிதை நிலத்தடி நீருக்கெனத் தனி அதிகாரமே வகுத்தது. அங்கு நீரைக் காட்டுவன மரமும் புற்றும் மண்ணின் நிறமுமே, குச்சியன்று. கவட்டைக் குச்சியின் புகழ்பெற்ற பழஞ்சித்திரம், 1556இல் வெளிவந்த செருமானிய அறிஞர் அகிரிகோலாவின் சுரங்க நூலில் உள்ளது. அங்கே தேடப்பட்டது கனிமம். அவரும் குச்சியை நம்பினாரல்லர்.

1987-88இல் மியூனிக் நகரருகே, தேர்ந்த 43 பேரைக் கொண்டு நிகழ்ந்த சோதனையை 1999இல் மீளாய்ந்த என்ரைட், அவர்தம் வெற்றி தற்செயலுக்கு மேற்பட்டதன்று என்றார். குச்சியைத் திருப்புவது நீரன்று. பிடித்தவரே அறியாத கைத்தசையின் அசைவு.

ஆழ்துளைக் கிணறு வறண்டால் கடன் உழவன் தலையில் விழும். மண்ணுள் மின்சாரம் செலுத்திப் பாறையடுக்கை அளந்தறியும் முறை இன்று உண்டு. அதனோடு, மரத்தையும் புற்றையும் கண்டு பழகிய முதியோரின் கண்ணறிவும் பதிவுபெறல் வேண்டும். குச்சிக்குச் சேர்ந்த புகழில் அவ்வறிவு மறைந்துபோதலே பேரிழப்பு.