நாற்பது வயதும் பின்னால் ஒட்டிய வாக்கியமும்

1945 நவம்பரில் இந்தோனேசியக் குடியரசின் முதல் பிரதமராகச் சுத்தான் ஷாரிர் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 36. அதிபர் சுகர்னோவுக்கு 44, துணை அதிபர் ஹத்தாவுக்கு 43. அவ்வாண்டு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் அதிபருக்கு வயது வரம்பு எதையும் விதிக்கவில்லை. விடுதலைப் போரில் நின்றவர்களிடம் யார் போய்ப் பிறப்புப் பத்திரம் கேட்பது?

வயது பின்னர்தான் சட்டத்துக்குள் வந்தது. 2003, 2008 தேர்தல் சட்டங்கள் அதிபர், துணை அதிபர் வேட்பாளர்களுக்குக் குறைந்தது 35 வயது என்றன. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை 40 ஆக்கியது. சிங்கப்பூரில் அதிபராக 45 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் 40 ஒன்றும் அநியாயமான எண் அல்ல. 35உம் அப்படித்தான். ஆகவே எந்த எண் சரி என்று வாதாடிப் பயனில்லை. அதை மாற்றும் உரிமை யாருக்கு, எப்போது மாற்றலாம் என்பதே 2023இல் எழுந்த வழக்கு.

அவ்வாண்டு அதிபர் ஜோக்கோவியின் மூத்த மகன் ஜிப்ரானுக்கு 36 வயது. 2021 முதல் சோலோ நகர மேயர். அடுத்த பிப்ரவரியில் தேர்தல். வயது வரம்பைத் தளர்த்தக் கோரி அரசியலமைப்பு நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன.

அக்டோபர் 16ஆம் தேதி தீர்ப்பு வந்தது. முதலில் மூன்று மனுக்களை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வயதைத் தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் வேலை, எங்கள் வேலையன்று என்பது அதற்குச் சொன்ன காரணம். நியாயமான பேச்சு. ஆனால் அதே நாளில், சோலோவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தொடுத்த மற்றொரு மனுவில் அந்தப் பேச்சு மாறிவிட்டது. 40 வயது அப்படியே இருக்கட்டும். அல்லது தேர்தல் மூலம் பெற்ற பதவியை வகித்தவராக, வகித்து வருபவராக இருந்தாலும் போதும் என்று ஒரு வாக்கியம் பின்னால் ஒட்டப்பட்டது. வட்டாரத் தலைவர் தேர்தலும் இதில் அடங்கும் என்றார்கள். மேயருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை!

ஒன்பது நீதிபதிகளில் ஐவர் இதை ஆதரித்ததாகக் கணக்கு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐவரில் இருவர், ஆளுநர் பதவி வகித்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்று தனியாக எழுதினார்கள். மேயராக இருந்தாலும் போதும் என்றவர்கள் மூவர்தான். எதிர்த்தவர்களோ நால்வர். அவர்களுள் ஒருவரான சால்டி இஸ்ரா, 2017இல் நீதிபதியானது முதல் இப்படியொரு விந்தையைத் தாம் கண்டதில்லை என்று தீர்ப்பிலேயே பதிவு செய்தார். முதல் மூன்று மனுக்களை முடிவு செய்த கூட்டத்துக்கு வராத தலைமை நீதிபதி, இந்த மனுவுக்கு வந்து அமர்ந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

அந்தத் தலைமை நீதிபதி அன்வார் உஸ்மான், 2022இல் ஜோக்கோவியின் தங்கையை மணந்தவர். நம் முறைப்படி ஜிப்ரானுக்கு அத்தையின் கணவர், மாமா. 'மஹ்கமா கான்ஸ்டிட்டுசி' என்ற நீதிமன்றத்தின் பெயரை 'மஹ்கமா கெலுவார்கா' என்று மாற்றி மக்கள் கேலி பேசினார்கள். மலாய் தெரிந்த நமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஒன்பது நாளில், பிரபோவோவின் துணையாக ஜிப்ரான் வேட்புமனு கொடுத்தார். நவம்பர் 7ஆம் தேதி, ஜிம்லி அஸ்ஸிடிக்கி தலைமையிலான நெறிமுறைக் குழு, அன்வார் கடுமையாக நெறி தவறினார் என்று கூறித் தலைமைப் பதவியிலிருந்து அவரை நீக்கியது. ஆனால் அவர் நீதிபதியாகத் தொடர்ந்தார், தீர்ப்பும் நின்றது. அந்த நீதிமன்றத்தின் முடிவே இறுதி என்பது அரசமைப்புச் சட்டம். தவறு என்று தெரிந்த பிறகும் திருத்த வழியில்லாமல் போனதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. 2024 பிப்ரவரி 14ஆம் தேதி நடந்த தேர்தலில் அந்த இணை 58 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்றது. மக்கள் வாக்களித்த பிறகு வயதைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

அதே ஆண்டு இளைய மகன் கயேசாங்கின் முறை வந்தது. ஆளுநர் வேட்பாளருக்கு 30 வயது வேண்டும். அவருக்கு டிசம்பரில்தான் 30 நிரம்பும். பதவியேற்கும் நாளில் வயது நிரம்பினால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். வேட்பாளராக அறிவிக்கப்படும் நாளிலேயே நிரம்பியிருக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 20ஆம் தேதி கூறியது, இம்முறை, அதே அரசியலமைப்பு நீதிமன்றம். அதைச் சட்டத் திருத்தத்தால் முறியடிக்க நாடாளுமன்றம் முனைந்தது. 22ஆம் தேதி மாணவர்கள் நாடாளுமன்ற வாசலில் திரண்டார்கள். திருத்தம் கைவிடப்பட்டது. கயேசாங் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை.